நெல் அறைக் கதவு

போன ஆவணி மாதம் நடந்தது இது. எங்கே என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் குடியிருக்கும் அதே பெரிய காஞ்சிபுரத்தில், என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் போய்விடக்கூடிய ஒரு சொகுசு ஹோட்டலில்.

என் கணவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வீட்டிலிருந்தபடியே பட்டுப்புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்கள் கல்யாண நாளுக்கு என்று அந்த ஹோட்டலில் ஒரு நாள் ரூம் போட்டுவிட்டாள். அந்தக் காலத்துப் பட்டு வியாபாரி ஒருவரின் பெரிய வீட்டை வாங்கி, பழைய அழகு கெடாமல் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடம். சொந்த ஊரில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஹோட்டலில் போய்ப் படுப்பார்களா என்று நான் குதித்தேன். "ஏன், நம்ம வீட்ல கூரை இன்னா ஒழுவுதா?" என்று போனிலேயே சண்டை போட்டேன். மகள் விடுவதாக இல்லை. "மதியம் போய்ப் பாரும்மா. புடிக்கலைன்னா சாயந்திரம் கிளம்பி வீட்டுக்குப் போயிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். சரி, தங்குவதா வேண்டாமா என்று சாயந்திரம் முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்று கிளம்பினோம்.

கிளம்பிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் யாரோ படுத்த படுக்கை என்று வீட்டுப் பெட்ஷீட்டும் தலையணை உறையும் மடித்து எடுத்துக்கொண்டேன். என் கணவர், கோயிலுக்குள் நுழைகிற மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். காவல்காரர் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். எனக்கு மானம் போயிற்று.

வார நாள் என்பதால் வேறு யாரும் தங்க வந்திருக்கவில்லை. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வழவழப்பான தூண்கள். வெளியே தெருவில் அத்தனை ஆட்டோ, அத்தனை ஹார்ன். உள்ளே நாலு அடி வைத்ததும் ஒரு சத்தம் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் எங்களை அழைத்துப்போகும்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சுற்றுப்பட்டு கிராமங்களில் பழைய வீடுகளை இடிக்கும்போது கதவு, நிலை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி வந்து பொருத்தியிருக்கிறார்களாம். குளியலறைக் கதவுகூடப் பழையதுதானாம். "எந்த ரெண்டு கதவும் ஒரே மாதிரி இருக்காது மேடம்" என்றாள்.

ரூம் அழகாகத்தான் இருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின் மேல் மல்லிகைப்பூ உதிர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் உள்ளே கால் வைத்ததுமே எனக்கு என்னவோ பண்ணியது. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. அப்புறம்தான் வாசனை வந்தது. மூட்டையைப் பிரித்ததும் வருமே, பழைய நெல் வாசனை, அது. ஏ.சி. ரூமில் நெல் வாசனை எங்கிருந்து வரும்?

குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கறுத்த, கனத்த மரம். கீல் கிடையாது. மேலேயும் கீழேயும் மரக்குடுமி வைத்துக் குழியில் சுழலுகிற அந்தக் காலத்துக் கதவு. நிலையின் மேல் சட்டத்தில் ஒரு தாமரை செதுக்கியிருந்தது. அதன் இதழ் இடுக்குகளில் எத்தனை பாலிஷ் போட்டும் போகாத மஞ்சள். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் தலைவாசலுக்கும் நெல் அறைக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம். குளியலறைக்கு யாராவது வைப்பார்களா? அதைப் பார்த்ததுமே என் கண் தானாகக் கீழே போனது. கதவின் அடிப்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு தேங்காய் அளவுக்கு வட்டமாக வேறு மரத்தை வைத்து அடைத்திருந்தார்கள்.

நெல் அறைக் கதவில் பூனைக்கு ஓட்டை விடுவார்கள். பூனை உள்ளே போய் எலி பிடிக்க வேண்டும் அல்லவா, அதற்கு. இது அந்த ஓட்டை. இது எங்கள் வீட்டுக் கதவு.

நான் பிறந்த வீடு ஓரிக்கைப் பக்கம். அப்பா போன பிறகு என் தம்பி அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினான். மரச்சாமான்களைப் பழைய மரம் வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிட்டான். அந்தக் கதவு இத்தனை வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, என் கல்யாண நாளன்று என் ரூமில் வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் அந்தக் கதவைப் பற்றி ஒரு கதை உண்டு. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. எல்லோரும் அறுவடைக்குப் போயிருந்த ஒரு நாள், தம்பி நெல் அறைக்குள் மாட்டிக்கொண்டான். காலையில் மாட்டியவனைச் சாயந்திரம்தான் கண்டுபிடித்தார்கள். கதவு தானாகவே மூடிக்கொண்டது என்பது கதை. அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்று அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தனியாக அந்தப் பக்கம் போவதில்லை. தம்பிக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறான். இன்றைக்கும் எந்தக் கதவையும் சாத்த மாட்டான். குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காகச் சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பான். பேரப்பிள்ளைகள்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இந்தக் கதையைத்தான் கணவரிடம் சொன்னேன். "வாங்க, வீட்டுக்குப் போயிடலாம். இந்தக் கதவு இருக்கிற ரூம்ல என்னால இருக்க முடியாது" என்றேன். அவருக்கு ஒரே சிரிப்பு. காசு கொடுத்துப் பேயோடு தங்குகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று கிண்டல் பண்ணினார்.

நான் அந்தக் கதவைச் சுவரோடு ஒட்டித் திறந்துவைத்தேன். திரும்பி ரெண்டு அடி வைப்பதற்குள் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். முதலில் தடிமனாக, கடைசியில் மெலிதாக முடிகிற, சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். கதவு மெல்ல, யாரோ கையால் தள்ளுகிற மாதிரி, மூடிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ப் பிடித்து, எங்கள் பையை முட்டுக் கொடுத்து வைத்தேன். மனம் ஆறட்டும் என்று முற்றத்துக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தேன். பை கட்டில் மேல் இருந்தது. கதவு ஒரு கை அகலம்தான் திறந்திருந்தது. கணவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பையைத் தான் எடுக்கவில்லை என்றார். ரூமைச் சுத்தம் பண்ண யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். பையை யார் எடுத்து வைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். ஊசி போட்டால் கால் மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாட்டை ரூமுக்கே சொல்லியிருந்தோம். இதோ வந்துவிடும் என்றார்கள். அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு, கை கழுவ எழுந்தார். "கதவ மட்டும் சாத்தாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன் சாத்தக்கூடாது என்று சொல்லவில்லை. அவருக்கு விளையாட்டு. "இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸு ஓட்னவன், ஒரு கதவுக்கு பயப்படுவனா? உன் பேயாண்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி, உள்ளே போய், என்னைச் சீண்டுவதற்காகவே கதவைப் படாரென்று அறைந்து சாத்தினார்.

நிலைக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. நாற்பத்தெட்டு வருஷம் கழித்துக் கேட்டாலும் அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நிமிஷம் கழித்து, "ஏய், தொறக்க மாட்டேங்குதுபா" என்றார். நானும் தள்ளினேன். சாப்பாடு வந்தது. கொண்டுவந்தவர் தள்ளினார். மேனேஜர் வந்தார், காவல்காரர் வந்தார், தோட்டக்காரர் வந்தார். கதவு அசையவில்லை. உள்ளே போட்டிருந்த புதுத் தாழ்ப்பாளைத் திறந்துதான் வைத்திருக்கிறேன் என்று என் கணவர் உள்ளேயிருந்து சொன்னார். இதில் வேறு பூட்டே கிடையாது, பாலிஷ் போட்ட பழைய மரம்தான் என்று மேனேஜர் தலையைச் சொறிந்தார். சுவர் உச்சியில் ஒரு காற்றுத் துவாரம், அதில் கம்பி. என் கணவரின் போன் வெளியே கட்டில் மேல் கிடந்தது. தச்சருக்குப் போன் போட்டார்கள். வெளியூரில் வேலையாக இருக்கிறாராம், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். சர்க்கரை ஊசி போட்டிருக்கிறார், இன்னும் சாப்பிடவில்லை என்று சொன்னேன். மேனேஜர் மறுபடியும் தச்சருக்குப் போன் போட்டார்.

முதலில் உள்ளேயிருந்து கிண்டல் வந்துகொண்டிருந்தது. அப்புறம் "கொஞ்சம் சீக்கிரம்பா" என்றார். பிறகு பேச்சு குழறியது. பிறகு பேச்சே இல்லை. கதவைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அதுவும் மேலேயிருந்து இல்லை. கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஓட்டையை அடைத்த அந்த வட்ட மரத்தில். டொக். டொக். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் என் காதுக்கு அது என் கணவர் தட்டுகிற மாதிரி கேட்கவில்லை. சின்னக் கை தட்டுகிற மாதிரி கேட்டது.

நான் சொல்ல வெட்கப்படுகிற விஷயம் இதுதான். அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தெரியும். அங்கே கூடியிருந்த அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

திருடனுக்குத் தெரியக்கூடாது என்று அந்த நிலைக்குள் ஒரு மரநாக்கை மறைத்து வைத்திருந்தார்கள். கதவை மெல்லச் சாத்தினால் ஒன்றும் ஆகாது. அறைந்து சாத்தினால் அது கீழே விழுந்து கதவின் தலையைக் கவ்விக்கொள்ளும். குடுமிக் கதவு என்பதால் அடியில் ஒரு இரும்புப் பட்டையைக் கொடுத்து மிதித்தால், கதவு விரல் அளவு மேலே எழும்பி நாக்கைத் தள்ளிவிடும். பட்டையை அப்பா நிலைச் சட்டத்தின் மேல் வைத்திருப்பார். உள்ளே இருக்கிற வெல்லத்தைத் திருடித் தின்பதற்காக நான் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதைத் தம்பி அப்பாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். நல்ல அடி வாங்கினேன். மறுநாள் எல்லோரும் வயலுக்குப் போனதும், வெல்லம் எடுத்துத் தருகிறேன் வா என்று அவனைக் கூப்பிட்டு, உள்ளே விட்டு, நான்தான் கதவை அறைந்து சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம், திறந்தால் இதையும் போய்ச் சொல்லுவானே என்று பயம். நேரம் ஆக ஆகப் பயம் கூடிக்கொண்டே போனது. அவன் பூனை ஓட்டை வழியாகக் கையை வெளியே நீட்டினான். உள்ளங்கை மேலே பார்க்க, வெல்லம் கேட்கிற மாதிரி. அந்தக் கையைப் பார்க்க முடியாமல், ஒரு முறத்தை எடுத்து ஓட்டையில் சாய்த்து, அது விழாமல் இருக்க நெல் அளக்கிற மரக்காலை முட்டுக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவன் அழ ஆரம்பித்தான். அழுது அழுது தொண்டை கட்டித் தூங்கிப்போனான். வீட்டுக்கு வந்தவர்கள் ஊரெல்லாம் தேடினார்கள். நானும் கூடவே தேடினேன். சாயந்திரம் அப்பா முறத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். இருந்த பதற்றத்தில், முறம் அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது என்று சொன்னவள் நான். அந்த அறையில் இருந்த பேய் நான் சொன்ன பொய்தான்.

கதவில் தட்டும் சத்தம் நின்றது. "ம்மா" என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "கடப்பாரை! கடப்பாரை கொண்டாங்க!" என்று கத்தினேன். உடைக்கப் போகிறேன் என்று நினைத்தார்கள். தோட்டக்காரர் கையிலிருந்து பிடுங்கி, குடுமிப் பக்கம் வாசல்படியின் இடுக்கில் அதன் முனையைச் செருகினேன். "மேடம், மேடம்" என்றார் மேனேஜர். நான் ஏறி மிதித்தேன். கதவு முனகிக்கொண்டு மேலே எழும்பியது. நாக்கு விலகுகிற சத்தம் கேட்டதும் எல்லோரையும் தள்ளச் சொன்னேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து பிழியலாம் போல இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னை யார் என்று தெரியாத பார்வை. கல்யாண நாள் என்று மகள் சொல்லி வைத்திருந்ததால் சாப்பாட்டோடு பாயசம் வந்திருந்தது. அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பக்கத்திலிருந்த டாக்டர் வந்து பார்ப்பதற்குள் அவருக்கு நினைவு தெளிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

மேனேஜர் மாடியில் வேறு ரூம் தருகிறேன் என்றார், மன்னிப்புக் கேட்டார். தவறு அவருடையது இல்லை என்று எனக்குத்தானே தெரியும். எல்லோரும் போன பிறகு கணவர், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உன் தம்பிக்கு போன் பண்ணு" என்றார்.

அரை மணியில் பைக்கில் வந்துவிட்டான். சாயந்திர வெயில் முற்றத்தில் சாய்ந்திருந்தது. வந்தவன் மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான். ஓட்டை இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினான். அழுதுகொண்டே அவனிடம் சொன்னேன். நான்தான்டா சாத்தினேன் என்றேன்.

"தெரியும்க்கா" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்கு அழுகை அப்படியே நின்றுபோயிற்று.

"ஓட்டையில உன் கொலுசு தெரிஞ்சுது. நீ எங்கயும் போவல, அங்கயேதான் நின்னுக்கினு இருந்த. அக்கா நிக்குதேன்னு நான் பயப்படவே இல்ல. முறத்த வெச்சு மூடின பாரு, அப்பதான் பயந்துட்டேன்."

ஏன்டா யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "முந்தின நாளு நான் சொல்லித்தான அப்பா உன்ன அடிச்சாரு" என்றான்.

அப்புறம் அவன் செய்ததைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. எழுந்து குளியலறைக்குள் போனான். "நான் தட்ற வரைக்கும் தொறக்காதக்கா" என்றான். வேண்டாம்டா என்று நான் எட்டிப் பிடிப்பதற்குள் கதவை அறைந்து சாத்திவிட்டான். டொக். ஐந்து வயதுக்குப் பிறகு அவன் தன் கையால் சாத்திய முதல் கதவு அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே சத்தமே இல்லை. பாட்டும் இல்லை. கடப்பாரையைச் செருகி, அதன் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றேன். வட்டமாக அடைத்திருந்த இடத்துக்கு நேரே நின்றேன். அதன் வழியாக ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அங்கேதான் நின்றேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கீழே, ஒரு சாண் உயரத்தில், டொக் என்று ஒரு தட்டல் கேட்டது. ரெண்டாவது தட்டலுக்கு நான் விடவில்லை. ஏறி மிதித்துவிட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். ரூமைச் சுற்றிப் பார்த்தான், ஏ.சி.யைப் பார்த்தான். "ரூமு நல்லாத்தான் கீது. தங்கிட்டே போங்க" என்றான்.

தங்கினோம். அதே ரூமில், வீட்டுப் பெட்ஷீட்டை விரித்துக்கொண்டு. என் கணவர் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காகக் கண்றாவியாகப் பாடினார். நான் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் தம்பி வீட்டுக்குப் போகும்போது அவன் குளியலறையில் பாடுகிற சத்தம் கேட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அவன் கண்ணில் என் கால் படுகிற இடத்தில் போய் நின்றுகொள்கிறேன்.